கெட்டது சுருளா, இரும்பா?

தமிழில் தொழில்நுட்பம் பற்றி எழுதப்படுவதை வாசிக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு குறை தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு கருவி எப்படி இயங்குகிறது என்று சொல்ல நம்மிடம் ஆட்கள் இருந்திருக்கிறார்கள், இன்றும் இருக்கிறார்கள். அது கெட்டுப்போகும்போது உள்ளே என்ன நிகழ்கிறது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, எந்தக் கட்டத்தில் கைவிட்டுவிட வேண்டும் என்று சொல்வதற்கு அநேகமாக யாருமில்லை. இயக்கம் என்றால் அறிவியல், பழுது என்றால் கடைக்காரர் விவகாரம் என்று எப்படியோ ஒரு பாகப்பிரிவினை நடந்துவிட்டது. முதலாவது கட்டுரையாகவும் கேள்வி பதிலாகவும் அச்சேறியது. இரண்டாவது கையிலிருந்து கைக்குப் போய், கை ஓய்ந்ததும் காணாமற்போகிறது.

இந்தப் பிரிவினை சரியல்ல என்பது எம் கருத்து. அதைப் பேச மிகச் சிறிய பொருள் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், டேப் ரிக்கார்டர், ஸ்டெபிலைசர் போன்ற கருவிகளுக்குள் உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், அதிலும் அதன் நடுவிலிருக்கும் இரும்பு. பாடப்புத்தகம் இதை மின்மாற்றியின் உள்ளகம் என்கிறது. கடையில் கோர் என்கிறார்கள். இலக்கிய வாசகருக்கு இந்த இரும்பில் என்ன அக்கறை இருக்க முடியும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கான பதில் இக்கட்டுரையின் பிற்பகுதியில் இருக்கிறது. அதுவரை பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஸ்ரீரங்கத்தை முன்வைத்து இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. தமிழில் அறிவியலை வெகுஜன வாசிப்புக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவரான சுஜாதா வளர்ந்த ஊர் அது. 1935-இல் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்து, திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் படித்து, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றியவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்குப் பங்கு உண்டு. ஸ்ரீரங்கத்துத் தெருக்களை வைத்து அவர் எழுதிய கதைகளும், ‘ஏன்? எதற்கு? எப்படி?’ போன்ற தொடர்களும் ஒரு தலைமுறையின் வாசிப்பைத் தீர்மானித்தன. 2008-இல் அவர் மறைந்தார். இந்த வரிசையில் அவருக்கு முன்னால் பெ.நா. அப்புஸ்வாமி இருக்கிறார், கோவையிலிருந்து வந்த ‘கலைக்கதிர்’ இருக்கிறது, பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியம் இருக்கிறது. ‘ஏன்’, ‘எப்படி’ என்ற கேள்விகளுக்கு இவ்வளவு பெரிய மரபு நமக்கிருக்கிறது. ‘கெட்டால் என்ன செய்வது’ என்ற கேள்வி அந்த மரபுக்கு வெளியே, சாலிடரிங் அயர்ன் புகைக்கு நடுவில், பதிவில்லாமல் நின்றுவிட்டது.

இன்னொரு காரணம் மண் சார்ந்தது. ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவு. ஈரம் இரும்புக்குப் பகை. 1977 நவம்பர் புயலின்போதும் 2005 மழையின்போதும் திருச்சி நகருக்குள் வெள்ளம் புகுந்ததை அந்த வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் வடிந்தபின் வீட்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்துவைத்து வெயிலில் காயப்போடும் பொருட்களில் ரேடியோவும் டெலிவிஷனும் இருக்கும். வெயிலில் காய்ந்ததும் பெட்டி காய்ந்துவிடுகிறது. உள்ளேயிருக்கும் கோர் அவ்வளவு சுலபத்தில் காய்வதில்லை.

அது ஏன் காய்வதில்லை என்றால், கோர் என்பது ஒற்றை இரும்புக்கட்டி அல்ல. 1831-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்சாரத்தை விட்டுவிட்டு நிறுத்தினால் மற்றொன்றில் மின்சாரம் துள்ளுவதைக் கண்டார். துணியும் நூலும் கொண்டு காப்பிடப்பட்ட அந்த வளையம் இன்றும் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பாதுகாக்கப்படுகிறது. ஆனால் திண்மையான இரும்பில் ஒரு தொல்லை இருந்தது. மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலம் கம்பியில் மட்டுமல்லாமல் இரும்புக்குள்ளேயும் மின்சாரத்தைத் தூண்டும். சுழல் மின்னோட்டம் எனப்படும் அது ஒரு வேலையும் செய்யாமல் இரும்பைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். இதற்குக் கண்ட வழி, இரும்பை மெல்லிய தகடுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் காப்புப்பூச்சு கொடுத்து அடுக்குவது. தகட்டின் தடிமனைப் பாதியாக்கினால் சுழல் மின்னோட்டத்தால் வரும் இழப்பு கால்வாசியாகிறது. இரும்போடு சுமார் 3 சதவீதம் சிலிக்கான் சேர்த்தால் அதன் மின்தடை நான்கு மடங்குக்கும் மேல் உயர்கிறது. ஆகவே நம் வீட்டு ரேடியோவிலிருக்கும் கோர் என்பது அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ தடிமன் கொண்ட, ஈ என்றும் ஐ என்றும் ஆங்கில எழுத்து வடிவில் வெட்டிய சிலிக்கான் எஃகுத் தகடுகளின் அடுக்கு. கடைகளில் இதன் பெயர் ஸ்டாம்பிங். எடை போட்டு விற்கிறார்கள்.

அடுக்கு என்பதால்தான் ஈரம் இரு தகடுகளுக்கு நடுவே புகுந்து தங்குகிறது. பழுதும் அந்த அடுக்கின் தன்மையைச் சார்ந்தே வருகிறது. துரு வளரும்போது இடத்தை அடைக்கிறது, தகடுகளைப் பிதுக்குகிறது, நல்ல இரும்பைத் தின்கிறது. தளர்ந்த தகடுகள் வினாடிக்கு 100 முறை அதிர்ந்து முனகுகின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் காந்தப்புலம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உச்சம் தொடுவதால் அந்த 100. கடைக்காரர்கள் இதை ஹம் என்கிறார்கள். அதிக வெப்பத்தில் காப்புப்பூச்சு கருகினால் தகடுகள் ஒன்றோடொன்று மின்தொடர்பு கொண்டு, பழையபடி திண்மையான இரும்பைப் போலவே நடந்துகொள்ளத் தொடங்கும். அடுக்கை இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட்டின் மேலுள்ள காப்புக்குழாய் பொசுங்கிவிட்டால், போல்ட்டும் சட்டமும் சேர்ந்து எவரும் சுற்றாத ஒரு சுருளாகிவிடும். அந்தச் சுருள் தனக்குத்தானே குறுக்கிணைப்பாகிக் கொதிக்கும்.

இங்கேதான் தலைப்பிலுள்ள கேள்வி எழுகிறது. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சுடுகிறது, முனகுகிறது, ஃப்யூஸைப் போக்குகிறது. கெட்டது சுருளா, இரும்பா? பெரும்பாலும் சுருள்தான். அதனால் பழகிய கை முதலில் கம்பியைத்தான் சந்தேகிக்கும். பழைய வேலைமேசைகளில் ஒரு குண்டு பல்ப் தொங்கிக்கொண்டிருக்குமே, சீரிஸ் பல்ப், அதற்கு வேலை இதுதான். டிரான்ஸ்ஃபார்மரின் வெளிப்பக்கக் கம்பிகளை எதனோடும் இணைக்காமல், உள்வரும் மின்சாரத்தை அந்த பல்ப் வழியாகச் செலுத்திப் பார்ப்பார்கள். பல்ப் எரியாவிட்டால் பெரிய கோளாறில்லை, அல்லது கம்பியே அறுந்திருக்கிறது. பிரகாசமாக எரிந்தால் சுருளுக்குள் சுற்றுகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. இரண்டுக்கும் நடுவில், கங்குபோல மங்கலாகச் சிவந்தால்தான் இரும்பைச் சந்தேகிக்க வேண்டும். காந்தப்புலத்தை எழுப்பவே தேவைக்கு மீறிய மின்னோட்டத்தை அது இழுக்கிறது என்று பொருள். அந்தச் சிவப்பின் அளவைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லும் கண்ணுக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் படம் போட்டுக்காட்ட முடியாது. ஆனால் அதைப் பற்றி எழுத முடியும் என்பதே நம் வாதம்.

இரும்புதான் என்று முடிவானால், தகடுகளைப் பிரிக்க வேண்டும். வார்னிஷில் ஊறி இறுகிய அடுக்கில் முதல் தகடு எளிதில் வராது. இதமாகச் சூடுகாட்டி, மெல்லிய கத்தி நுழைத்து எடுப்பார்கள். அந்த முதல் தகடு அநேகமாக வளைந்து வீணாகும். அதை வைத்து இரண்டாவதைக் காப்பாற்றலாம், பிறகு மற்றவை தாமே இளகிக்கொடுக்கும். இரும்புச் சுத்தியலால் அடிக்கக்கூடாது. தகடு வளைந்தாலோ அடிபட்டாலோ அதன் காந்தக் குணம் குறைகிறது. கண்ணுக்கு நேராக நிமிர்த்திவிடலாம், உள்ளே ஏற்பட்ட இறுக்கம் சுமார் 800 டிகிரி உலையில் பதப்படுத்தினாலொழிய நீங்காது. துருவைத் தேய்க்கும்போதும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் போகிற துரு போகட்டும். உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்க முனைந்தால் காப்புப்பூச்சும் சேர்ந்து போய்விடும். பளிச்சென்ற இரும்பு டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆகாது. பள்ளம் விழுந்த தகடுகளைக் கழித்து, அதே தடிமனும் அதே ரகமும் கொண்டவற்றைச் சேர்த்து, ஓரங்களிலுள்ள பிசிறை நீக்கி, மெல்லிய வார்னிஷ் பூசி உலர்த்தி மறுபடி அடுக்க வேண்டும்.

கழித்ததற்கு ஈடு கிடைக்கவில்லையென்றால் ஒரு கணக்கு குறுக்கே வருகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு, காந்த அடர்த்தி 1 டெஸ்லா என்று வைத்துக்கொண்டால், ஒரு வோல்ட்டுக்கு வேண்டிய சுற்றுகள் 45-ஐக் கோரின் குறுக்குப்பரப்பால் வகுத்தால் கிடைக்கும். பரப்பு 9 சதுர சென்டிமீட்டர் என்றால் வோல்ட்டுக்கு 5 சுற்று, 230 வோல்ட்டுக்கு 1150 சுற்று. துருவில் பத்தில் ஒரு பங்கு இரும்பு போய்விட்டதென்று கொள்வோம். பழைய கணக்கிலேயே 1150 சுற்றுகள் சுற்றினால், மிஞ்சிய இரும்பு பதினொரு சதவீதம் அதிகமாகச் சுமக்க வேண்டியிருக்கும். தாராளமாக வடிவமைத்த பழைய டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்கும். சிக்கனமாகச் செய்தது தாங்காது. எனவே கம்பியைப் புதிதாகச் சுற்றுகிறவர் இரும்பைக் கேட்டுக்கொண்டுதான் சுற்ற வேண்டும். பழைய சுற்றுகளை எண்ணி அதே எண்ணிக்கையில் சுற்றித் தருவது நேர்மையான வேலைதான், ஆனால் அது போதாமற்போகும் இடமும் உண்டு.

இதைவிட நுட்பமான இடம் ஒன்றிருக்கிறது. மின்சாரம் தரும் சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் ஈ தகட்டையும் ஐ தகட்டையும் ஒன்றுவிட்டு ஒன்று திசைமாற்றி அடுக்குவார்கள். இணைப்புகள் ஒரே இடத்தில் வராமல் மூடிக்கொள்வதால் காந்தப் பாதையில் இடைவெளி விழாது. சோம்பல்பட்டு ஈ எல்லாவற்றையும் ஒரு பக்கமும் ஐ எல்லாவற்றையும் மறுபக்கமும் வைத்துவிட்டால் கோர் சூடாகும், முனகும். ஆனால் பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றில், ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் நேர்மாறானது. அதன் சுருளில் ஒரே திசையில் நேர்மின்னோட்டம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அது கோரைத் தெவிட்டச் செய்துவிடாமலிருக்க, ஈ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் மறுபக்கம், நடுவே ஒரு துண்டுக் காகிதம் என்று வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள். இது தெரியாத ஒருவர் அக்கறையோடு, அழகாக, ஒன்றுவிட்டு ஒன்று அடுக்கித் தந்தால் ரேடியோ பாடும், ஆனால் அதன் குரல் கெட்டுவிடும். எங்கே தவறு என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் வேலை சுத்தமாக இருக்கிறது. எடுத்து எறியப்பட்ட அந்தக் காகிதத் துண்டைப் பற்றித் தெரிந்த கை ஓய்ந்துவிட்டால், அந்த அறிவுக்கு வேறு இருப்பிடம் கிடையாது.

இன்றைய கருவிகளில் இந்த எஃகு அடுக்கே அருகிவிட்டது. செல்பேசி சார்ஜரிலும் கணினி எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் இருப்பது ஃபெரைட். 1930-களில் ஜப்பானில் கண்டறியப்பட்டு உலகெங்கும் பரவிய பொருள். இரும்பு ஆக்சைடோடு வேறு உலோக ஆக்சைடுகளைக் கலந்து சுட்டெடுத்தது, ஏறத்தாழ ஒரு கரிய பீங்கான். மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாததால் தகடுகளாக வெட்டவேண்டியதில்லை. வினாடிக்குப் பல்லாயிரம் முறை மாறும் மின்சாரத்திலும் சூடாகாமல் வேலை செய்கிறது. அதனால்தான் செங்கல் கனமிருந்த எலிமினேட்டர் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது. ஆனால் பீங்கானுக்குரிய குணம் அதற்கும் உண்டு. கீழே விழுந்தால் கீறல் விடும். ஒட்டவைத்தால் ஒட்டும். ஒட்டிய இடத்தில் தலைமுடியைவிட மெல்லியதாக, 0.05 மில்லிமீட்டர் இடைவெளி நின்றுவிட்டதென்று வைத்துக்கொள்வோம். காந்தப் பாதையின் நீளம் 10 சென்டிமீட்டர், பொருளின் காந்த உட்புகுதிறன் 2000 என்றால், அந்த மயிரிழை இடைவெளி கோரின் திறனைப் பாதியாக்கிவிடுகிறது. வடிவமைப்பிலேயே இடைவெளி விட்ட கோர் என்றால் இந்தக் கூடுதல் அவ்வளவாகப் பாதிக்காது. இடைவெளியே இல்லாமல் வேலை செய்யவேண்டிய கோர் என்றால் ஒட்டியும் பயனில்லை. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். இங்கும் வேண்டுவது பசையைவிடத் தீர்ப்புதான்.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லக்கூடியதை நாம் மறைக்க விரும்பவில்லை. புது அடாப்டரின் விலைக்குள் எந்தக் கடைக்காரரும் தகடு பிரித்து அடுக்கித் தர முடியாது. அவருடைய அரைநாள் கூலிகூட அதில் வராது. மேலும் பழைய எலிமினேட்டர்கள் ஒரு கருவியும் இணைக்காதபோதும் கோரைச் சூடாக்கிக்கொண்டு மின்சாரத்தைத் தின்றவை. அவை போனது நல்லதே. பழுதுபார்த்தல் என்ற சொல்லைக் கேட்டதும் கண்கலங்குவது ஒரு நடுத்தர வர்க்கப் பழக்கமாகிவிட்டது, அதில் நமக்கு உடன்பாடில்லை. குறைந்த மின்னழுத்தத்தில் திணறிய ஊர்களில் வீட்டுக்கு வீடு ஸ்டெபிலைசர் இருந்தது, அதைச் சரிசெய்யத் தெருவுக்குத் தெரு கடை இருந்தது. மின்னழுத்தம் சீராகி அந்தத் தேவை குறைந்தால் கடை குறைவதும் இயல்பு. தேவை போனபின் தொழில் மட்டும் நிற்கவேண்டும் என்று கேட்பது அந்தத் தொழிலாளிக்குச் செய்யும் உபகாரம் ஆகாது.

ஆனால் தேவை போகாத ஓர் இடம் இருக்கிறது, அது இலக்கிய வாசகர்களாகிய நம்முடைய இடம். திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது. அதன் பிறகான பல பத்தாண்டுகளில் வானொலியிலும் சபாக்களிலும் வீடுகளிலும் எவ்வளவோ பாட்டும் பேச்சும் உபன்யாசமும் காந்த நாடாவில் பதிவாயின. ஸ்பூல் நாடாக்களும் கேசட்டுகளும் இன்னும் பலர் வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. யாரோ ஓர் எழுத்தாளர் ஒரு கூட்டத்தில் பேசியதோ, திருப்பாவை வகுப்பில் ஒரு பெரியவர் சொன்ன வியாக்கியானமோ, ஒரு பாட்டியின் தாலாட்டோ அதில் இருக்கக்கூடும். காகிதத்தைக் கண்ணால் படிக்கலாம். நாடாவை அதற்குரிய இயந்திரம் இல்லாமல் படிக்க முடியாது. அந்த இயந்திரத்தின் மின்சாரம் எஃகுத் தகடு அடுக்கிய ஒரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருகிறது. அதேபோன்று ஒன்று இன்று கடையில் கிடைப்பதில்லை.

இன்னும் சொல்லப்போனால், நாடாவைப் படிக்கும் ஹெட் என்பதே ஒரு மிகச் சிறிய கோர்தான். எளிதில் காந்தமாகும் உலோகத்தாலோ ஃபெரைட்டாலோ ஆன வளையம், அதில் ஒரு சுருள், வளையத்தின் முகத்தில் சில மைக்ரோமீட்டர் அகலத்தில் ஓர் இடைவெளி. நாடா உரசி உரசி அது தேய்கிறது. தேய்மானத்தில் இடைவெளி அகலமானால் முதலில் போவது உயர்ந்த அதிர்வெண்கள். அதாவது பேச்சில் ச, ஸ, ஷ போன்ற ஒலிகளின் கூர்மை. குரல் இருக்கும், சொல் மழுங்கிவிடும். மெயின் டிரான்ஸ்ஃபார்மரின் கோர் தளர்ந்து காந்தப்புலம் வெளியே கசிந்தால், ஹெட் அதையும் படித்துவிடும். அப்போது பேச்சுக்குப் பின்னால் ஓர் இரைச்சல் தொடர்ந்து ஓடும். இந்த நிலையில் ஒரு நாடாவைக் கணினிக்கு மாற்றினால், அந்தக் குறை நிரந்தரமாகப் பதிவாகிவிடும். நாடா மீண்டும் ஒருமுறை ஓடத் தாங்காமல் உதிர்ந்துவிட்டால், அந்த மழுங்கிய பிரதியே மூலமாகிவிடும். அச்சில் பாடபேதத்துக்காக நாம் எவ்வளவு சண்டையிட்டிருக்கிறோம்! ஒலியில் பாடபேதம் இப்படித்தான் உண்டாகிறது, ஒரு தளர்ந்த தகட்டிலிருந்து.

அச்சு விஷயத்தில் நமக்கு ஒரு விழிப்பு வந்தது. ஒரு தனிமனிதரின் சேகரிப்பு 1990-களில் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஈழத்தவர்கள் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே தம் எழுத்துகளை மின்வடிவில் சேகரித்துவருகிறார்கள். ஒலிப்பதிவுகளைச் சேகரிப்பதிலும் ஆர்வலர்கள் பலர் இருக்கிறார்கள். அந்த ஒலியைப் படிக்கும் இயந்திரத்தை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்ற அறிவைச் சேகரிப்பதில்தான் போதிய அக்கறை காணோம்.

நெருக்கடி காலத்தில் இந்த அறிவு என்ன செய்யும் என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. 1990-களின் முதற்பாதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பாட்டரிகளும் கிடைக்கவில்லை. மக்கள் சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்து, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். டைனமோவும் ஃபாரடேயின் அதே இரும்பும் கம்பியும்தான். செய்தி என்ற ஒன்று அன்று அந்தக் குடாநாட்டுக்குள் நுழைந்தது, கருவியைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைகளின் வழியாக. அந்த நாட்களை எழுதியவர்கள் சைக்கிளை எழுதியிருக்கிறார்கள். டைனமோவின் கம்பி இணைப்பை இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

எழுதி வைத்து, கற்றுக்கொடுத்து, தொடர்ந்து செய்துவந்தால் பழுதுபார்த்தல் எதுவரை போகும் என்பதற்கும் திருச்சியிலேயே உதாரணம் இருக்கிறது. பொன்மலை ரயில்வே பணிமனை 1920-களின் இறுதியிலிருந்து இயங்கிவருகிறது. நீலகிரி மலை ரயிலுக்கு ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த நீராவி எஞ்சின்களைப் பராமரித்துவந்த அந்தப் பணிமனை, 2011-க்குப் பிறகு அதே வகைப் புதிய எஞ்சின்களையே செய்து அனுப்பியது. உலகம் நீராவியைக் கைவிட்ட பிறகு இது சாத்தியமாயிற்று. அங்கே வேலை ஒரு தனிமனிதரின் கையோடு முடிவதில்லை. அப்ரெண்டிஸ் உண்டு, வரைபடம் உண்டு, பதிவேடு உண்டு. தெருமுனைக் கடையில் இவை மூன்றுமே கிடையாது. தெருமுனைக் கடைக்காரருக்கு அறிவு குறைவென்று இதற்குப் பொருளில்லை. அவருக்குப் பின்னால் ஒரு நிறுவனம் இல்லை, அவ்வளவுதான். அந்த நிறுவனத்தின் வேலையை ஓரளவுக்கேனும் எழுத்து செய்ய முடியும்.

பாடநூல்களே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் பயிற்சியில் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவது உண்டு, அதற்குத் தமிழிலும் நூல்கள் இருக்கின்றன. பாடநூல் புதிய தகடு, புதிய பாபின், புதிய கம்பி என்று தொடங்குகிறது. கடைக்காரர் தொடங்குவது வேறு யாரோ கெடுத்துவைத்த இடத்திலிருந்து. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது. சட்டமும் இங்கே முழுமையாக உதவாது. பழுதுபார்க்கும் உரிமை என்ற பேச்சு உலகெங்கும் எழுந்து, இந்திய அரசு 2022 டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் சட்டமே இயற்றியது. வரவேற்கத்தக்கவை. ஆனால் இவை நிறுவனம் உதிரிபாகமும் கையேடும் தரவேண்டும் என்று கேட்கின்றன. நிறுவனமே இல்லாமற்போன ஒரு பழைய ரிக்கார்டருக்கு யாரிடம் கேட்பது?

ஆகவே நாம் முன்வைக்க விரும்புவது எளிய ஒன்று. எழுதத் தெரிந்தவர்கள், தத்தம் ஊரில் இன்னும் தகடு அடுக்குகிற, கம்பி சுற்றுகிற ஒருவரிடம் போய் உட்கார வேண்டும். ஒரு நாள் போதாது. அவர் எதை முதலில் தொடுகிறார், எதை முகர்ந்து பார்க்கிறார், எந்தச் சத்தத்தில் நிமிர்கிறார், எதைப் பார்த்ததும் வேண்டாமென்று திருப்பித் தருகிறார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். குறிப்பாக, அவர் மறுத்த வேலைகளைக் குறிக்க வேண்டும். ஒரு தொழிலின் எல்லை அங்கேதான் தெரியும். அவர் சொல்லும் சொற்களை அப்படியே எழுத வேண்டும். கோர், ஸ்டாம்பிங், பாபின், ஹம் என்று அவர் சொன்னால் அவையே முதலில் வரட்டும். உள்ளகம், சுழல் மின்னோட்டம், காந்தத் தயக்கம் என்ற நல்ல தமிழ்ச் சொற்கள் பள்ளியில் படித்த எல்லாருக்கும் தெரிந்தவைதான், அவை பக்கத்திலேயே வந்து உட்காரலாம். இரண்டும் ஒரே பக்கத்தில் சந்திக்காததால்தான் படித்தவருக்கு வேலை தெரியாமலும் வேலை தெரிந்தவருக்குப் பெயர் கிடைக்காமலும் போயிற்று. அவருக்கு உரிய கூலியைக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறோம். அறிவை இலவசமாக வாங்கி ஆவணமாக்குவது நம் வர்க்கத்தின் பழைய வழக்கம்.

தமிழ்ப் புனைகதை உழவையும் நெசவையும் மீன்பிடித்தலையும் நுட்பமாக எழுதிக் காட்டியிருக்கிறது. அந்த விவரிப்புகளிலிருந்துதான் பலருக்கு அத்தொழில்கள் தெரியும். கடந்த அறுபது எழுபது ஆண்டுகளாக ஒவ்வொரு ஊரின் கடைத்தெருவிலும் இருந்த ரேடியோ மெக்கானிக் மட்டும் கதைக்குள் வந்தாலும் பெரும்பாலும் ஒரு பின்னணி உருவமாகவே வந்துபோகிறார். அவருடைய மேசைமேல் நடந்ததை ஒருவர் நன்றாக எழுதினால் அது கதைக்கும் லாபம், பரணில் கிடக்கும் நாடாக்களுக்கும் லாபம்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறோம். வீட்டிலிருக்கும் பழைய ஸ்பூல் ரிக்கார்டரையோ வால்வு ரேடியோவையோ, இயங்குகிறதா பார்ப்போம் என்று நேரடியாக 230 வோல்ட்டில் செருகிவிடாதீர்கள். ஈரம் ஏறிய கோரும் வறண்ட காப்பும் அந்த ஒரு நிமிடத்தில் போய்விடக்கூடும். சீரிஸ் பல்ப் வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோங்கள். திருச்சியிலும் சரி, வேறு ஊர்களிலும் சரி, அப்படிப்பட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். போகும்போது ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச்செல்லுங்கள்.